தகரக் கதவு

வாறது ராசாத்தி இல்லை, ராசாவின்ர தங்கச்சி எண்டு
மாங்குளம் சந்தியில ஒருத்தர் திருத்தினார்.
தங்கச்சி எண்டால் முடி இருக்காதோ எண்டு
மரக்கறிக்கடை நாகபூசணி கேட்டாள்.
வெள்ளிக்கிழமை முழுக்க அந்தச் சந்தி
ஒரு பொம்பிளையின்ர தலையைப் பற்றித்தான் கதைச்சது.

வீடு தர வாறா எண்டினம் சிலபேர்.
இல்லை, மிதிவெடி கிளப்பக் காசு தந்தது அவையள்தான்,
கணக்குப் பாக்க வாறா.
கப்பல் கப்பலாய் மீன் ரின் அனுப்பினது அவவின்ர பாட்டன் எண்டார்
பழைய சங்கக்கடை மனேச்சர்.
ஆரும் நேரில கண்டதில்லை.
கண்டது முடியை மட்டும்:
தறப்பாளின்ர மூலையில நீலமாய்,
பிறகு கஜீபன்ர கடிதத்தில பொன்னாய்.
"நீர் சொன்ன ஆபத்தை நாங்கள் நம்பவில்லை"
எண்ட வசனத்துக்கு மேலே
குட்டியாய், வடிவாய், ரெண்டு சிங்கம் தாங்கினபடி.
சிங்கம் எங்களுக்குப் புதுசில்லை.

கஜீபன் என்ர தம்பி.
ஏழு வருசம் அந்த நாட்டில கோப்பை கழுவினவன்,
ரெண்டு பொலிசுக்கு நடுவில இருந்து பறந்து வந்தவன்,
இப்ப கிறவல் ரிப்பர் ஓடுறான்.
அவ வாறா எண்டு சொன்னன்.
"இஞ்ச வெயில், தொப்பி கொண்டரச் சொல்லு" எண்டான்.
வேறொண்டும் சொல்லேல்லை.

அம்பகாமத்தில எங்கட துண்டு.
வெள்ளைத் தடிக்கு இஞ்சால நடக்கலாம்,
சிவப்புக்கு அங்கால ராசாவும் ஒண்டுதான் மாடும் ஒண்டுதான்.
காலமை பத்தரைக்கு வந்தா.
முடி இல்லை.
ரப்பர் வளையம் போட்ட நரைமயிர், நாடியில ஒரு பரு.
முகக்கவசத்தை நான்தான் கட்டிவிட்டனான்.
படத்துக்கு நிண்டம்.
பேப்பரிலயும் வந்தது: இளவரசியும் வன்னிப் பெண்ணும்.
பெண்ணுக்குப் பேர் போடேல்லை.

படத்தில இல்லாதது இது:
பதினொண்டேகாலுக்கு அவ என்ர காதுக்குக் கிட்ட வந்து
ஒரு சொல் சொன்னா.
எந்த நாட்டுப் பொம்பிளைக்கும் விளங்கிற சொல்.

எங்களுக்கு இருக்கிறது ஒரு தகரக் கக்கூஸ்.
கொளுக்கி கழண்டு மூண்டு மாசம்.
ஒருத்தி உள்ளுக்குப் போனால்
இன்னொருத்தி வெளியில கயிறு பிடிக்கவேணும்.
தூதுவரை, பிரிகேடியரை, எட்டுக் கமராவை
முதிரை மரத்தடியில நிப்பாட்டிப்போட்டு
கயித்தைக் கையில சுத்திக்கொண்டு நிண்டன்.
காத்துக்குத் தகரம் அடிச்சது.

பொக்கற்றில கடிதம். நாலாய் மடிச்சது.
ராமுழுக்க இங்கிலீசில ஒரு வசனம் பாடமாக்கி வைச்சிருந்தன்.
கையை விட்டால்
ஒரு ராச்சியம் குந்தியிருக்கிறது மரத்தடிக்குத் தெரியும்.
அப்பிடியும் ஒரு நினைப்பு வந்தது, மறைக்கேல்லை.
இறுக்கித்தான் பிடிச்சன்.
உள்ளுக்கிருந்து அவ சும்மா இருமினா,
சத்தம் கேக்கக்கூடாதெண்டு.
எங்கட பிள்ளையளும் அப்பிடித்தான் இருமிறவை.

கானால தண்ணி ஊத்தினன்.
கடிச்சுக் கடிச்சுக் கட்டையான நகங்கள்.
எத்தினை வருசம் இந்த வேலை எண்டு கேட்டா.
ஒன்பது எண்டு விரலில காட்டினன்.
பாடமாக்கின வசனம் வரேல்லை.
கடிதத்தை நீட்டினன்.

அவ முடியைத்தான் முதலில பாத்தா,
சனத்துக்குள்ள ஆரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டமாதிரி.
பிறகு வாசிச்சா. ஈரப் பெருவிரல் பட்டு
கீழ இருந்த கையெழுத்துக் கலங்கிச்சுது.
இதுகள் தன்ர கைக்கு வாறதில்லையாம்.
தாங்கள் கையசைக்க மட்டும்தானாம்.
பொய்மாதிரித் தெரியேல்லை.
"அப்ப உங்கட முடி ஏன் இதில?"
தமிழிலதான் கேட்டன். மொழிபெயர்க்கிறவர் மரத்தடியில.
அவ தலையாட்டினா.
அதே மடிப்பில, நாலாய் மடிச்சு,
ரெண்டு கையாலயும் திருப்பித் தந்தா.

அடுத்த மாசம் ஒரு பார்சல்.
திறந்தால் பித்தளைக் கொளுக்கி, நல்ல பாரம்.
ஒரு எழுத்தும் இல்லை, முடியும் இல்லை.
கடிதத்துக்கு மறுமொழியோ எண்டு கஜீபன் கேட்டான்.
ஞாயிறு ரிப்பரில வந்து அவனே பூட்டினான்.
நாலு ஆணி.
தகரம் உக்கல், ஒரு ஆணி நிக்குதில்லை.